மாங்கனி ஊரில் ஒரு பிஎச்.டி. நண்பன்

மயிலாடுதுறையில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார். "காரைக்காலா? மாங்கனித் திருவிழாவுக்கா தம்பி?"

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டேன். பாதி பொய். திருவிழாவும் இருந்தது. ஆனால் நான் போனது, மூன்று வாரமாக போனையே எடுக்காத ஒரு நண்பனைப் பார்க்க!

காலேஜில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். டிகிரி முடித்ததும் நான் வேலைக்கு ஓடிவிட்டேன். அவன் எம்.எஸ்ஸி., அப்புறம் பிஎச்.டி. என்று நேராகப் போய்க்கொண்டே இருந்தான். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாமே!). வேதியியல். இப்போது நாலாவது வருஷம். ஒருநாள் லேபிலிருந்து கிளம்பி, யாரிடமும் சொல்லாமல் சொந்த ஊர் வந்து படுத்துவிட்டான். அவன் தங்கச்சிதான் எனக்கு போன் போட்டாள். "அண்ணே, ஒருதடவ வந்துட்டுப் போங்க. அண்ணன் யார்கிட்டயும் பேச மாட்டேங்குது."

கிளம்பிவிட்டேன்.

பாலம் தாண்டினால் வேற சர்க்கார்

பொறையார் கடந்து நண்டலாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் பூவம். அவ்வளவுதான், தமிழ்நாடு முடிந்தது. வயல் அதே வயல், பேச்சு அதே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ஆனால் நீங்கள் நிற்பது புதுச்சேரி யூனியன் பிரதேசம். பெட்ரோல் பங்க்கில் விலை மாறும். சாராயக் கடைகள் வரிசைகட்டி 'வாங்க வாங்க' என்று நிற்கும். பஸ்ஸில் பாதிப்பேர் முகத்தில் திடீரென ஒரு சந்தோஷம் தெரிந்தால் காரணம் கேட்காதீர்கள்!

காரைக்கால் கையளவு ஊர். மாவட்டம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர். வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டங்கள், கிழக்கே கடல். தலைநகர் புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் போகவேண்டும். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்.

இத்தனூண்டு ஊரில் படிப்புக்குக் குறைச்சல் இல்லை. பூவம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. புதுச்சேரி. 2010-இல் திருச்சி என்.ஐ.டி. வளாகத்தில் ஒண்டுக்குடித்தனமாகத் தொடங்கி, அப்புறம் காரைக்கால் வந்து, இன்று தனி வளாகத்தில் பி.டெக். முதல் பிஎச்.டி. வரை நடத்துகிறது. 1987-இல் ஆரம்பித்த பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம் இருக்கிறது. 2016-இல் ஜிப்மர் கிளையும் வந்தாச்சு.

அந்த ஜிப்மரால் நண்பனுக்கு ஒரு தனித் தொல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் அம்மா பிடித்துக்கொண்டார். "வா தம்பி. நீயாச்சும் சொல்லு, இவன் எப்பதான் டாக்டர் ஆவான்? தெருவுல கேக்குறாங்க. ஜிப்மர்ல இருக்குறவங்கல்லாம் ஊசி போடுறாங்க, ஒம்புள்ள எப்ப போடுவான்னு!"

உள்ளே பாயில் படுத்திருந்தவன் சிரிக்கவே இல்லை. அப்போதுதான் நிலவரம் புரிந்தது.

இன்னொரு மாம்பழம் எங்கே?

சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு அம்மையார் கோயில் பக்கம் போனேன். ஆனி மாசத் திருவிழா. காரைக்கால் அம்மையார் கதை தெரியும்தானே? அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர். இயற்பெயர் புனிதவதி. கணவர் பரமதத்தன், வணிகர். அவர் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்ப, அதில் ஒன்றை அம்மையார் பசியோடு வந்த சிவனடியாருக்குப் பரிமாறிவிடுகிறார். மதியம் சாப்பிட வந்த கணவர் மிச்சமிருந்த பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு எங்கே?" என்கிறார். அம்மையார் வேண்ட, கையில் ஒரு மாம்பழம் வருகிறது. அதன் ருசியே வேறு. 'இது ஏது?' என்று கேட்டு உண்மை தெரிந்ததும் பரமதத்தன் மிரண்டுபோய் ஊரைவிட்டே போய்விடுகிறார்.

அந்த நினைவாகத்தான் பிச்சாண்டவர் வீதியுலாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே கூட்டம் கைநீட்டிப் பிடிக்கிறது. எனக்கு ஒன்று கிடைத்தது. நண்பன் கையை நீட்டவே இல்லை.

கூட்டம் கலைந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது அவனே வாயைத் திறந்தான். "மாப்ள, என் கதையும் இதுதான்டா. ரெண்டு பேப்பர் போட்டுட்டேன். கைடு கேக்குறாரு, 'இன்னொண்ணு எங்கே?'ன்னு. எனக்குக் கைல வந்து விழ மாட்டேங்குது."

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டான். நாலு வருஷம், ரெண்டு டீயில்!

புராஜெக்ட் முடிஞ்சிடுச்சு, பிஎச்.டி. முடியல

கதை சுருக்கமாக இதுதான். எம்.எஸ்ஸி. முடித்ததும் நெட் எழுதினான். ஜே.ஆர்.எஃப். சில மார்க்கில் கைநழுவியது. கைடிடம் ஒரு ஆராய்ச்சி புராஜெக்ட் இருந்தது. அதில் சேர்ந்து, அப்படியே பிஎச்.டி.க்கும் பதிந்துகொண்டான். மாசாமாசம் பணம் வந்தது. வீட்டுக்கும் அனுப்பினான். புராஜெக்ட் மூன்று வருஷம்தான் என்பது தெரியும். 'அதுக்குள்ள முடிச்சிடலாம்' என்று அவனும் நினைத்தான், கைடும் நினைத்தார். முதல் ஒன்றரை வருஷம் கோர்ஸ் வொர்க்கும், கருவி வாங்குவதற்கான டெண்டரும், கைடுக்கு வகுப்பு எடுத்துக் கொடுத்ததுமாகவே ஓடியது. மூன்று வருஷம் முடிந்தது. புராஜெக்ட் முடிந்தது. பணம் முடிந்தது. பிஎச்.டி. மட்டும் முடியவில்லை.

அப்புறம் ஒரு வருஷமாக ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுத்து ஹாஸ்டல் மெஸ் பில் கட்டியிருக்கிறான். செமஸ்டர் கட்டணத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. தெருவில் கேட்கும் கேள்வி அம்மாவுக்கு ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிந்தது.

"மாநில அரசு ஸ்காலர்ஷிப் ஏதும் கிடைக்காதா?" என்றேன் விவரம் தெரியாமல்.

"நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேப்பான்ல? படிக்கிறது தமிழ்நாட்டுல. பொறந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம்." முதல்முறையாகச் சிரித்தான், கொஞ்சம் கசப்பாக.

மேல்படிப்பு யோசனையில் இருக்கும் நண்பர்களே, இந்தக் காசுக் கணக்கைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். யுஜிசி, சிஎஸ்ஐஆர் நடத்தும் தேர்வுகளில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023-இல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. மொத்தம் ஐந்து வருஷம் வரை. வீட்டு வாடகைப்படி, கன்டின்ஜென்சி தனி. இந்தப் பணம் உங்கள் பெயரில் வருவது. அதாவது, கைடின் புராஜெக்ட் முடிந்தாலும் நிற்காது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் முழுநேர பிஎச்.டி.க்கு மத்திய கல்வி அமைச்சகம் தரும் உதவித்தொகையும் இதே அளவுதான். கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400.

நெட் இல்லாமல் மத்திய பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்று ஒரு உதவித்தொகை உண்டு. 2015 அக்டோபரில் அதை நிறுத்த யுஜிசி முடிவெடுத்தபோது, டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலிலேயே மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால்தான் அது பிழைத்தது. மறுபக்கம், சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆக, சீனியருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சேரும் வருஷத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நண்பன் மாதிரி புராஜெக்ட் பணத்தில் சேர்வது தப்பில்லை. ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் புராஜெக்டுக்கு முடியும் தேதி உண்டு. தீசிஸுக்கு அது தெரியாது!

அரசலாற்றங்கரையில் ராமானுஜன்

மறுநாள் காலை அரசலாற்றங்கரையோரமாகவே கடற்கரைக்கு நடந்தோம். காரைக்காலில் செலவில்லாத சுகம் இந்த நடைதான். ஒரு பக்கம் ஆறு, அதில் மீன்பிடிப் படகுகள், தூரத்தில் கலங்கரை விளக்கம். காவிரியிலிருந்து பிரிந்து வரும் இந்த ஆறு கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டுதான் இங்கே வந்து கடலில் சேர்கிறது.

கும்பகோணம் என்றதும் எனக்கு ராமானுஜன் ஞாபகம் வந்தார். கணிதமேதை என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அவர் ஒரு 'ரிசர்ச் ஸ்காலர்' என்பதை யோசித்திருக்கிறோமா? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கண்டுகொள்ளாததால் ஸ்காலர்ஷிப் போனது. எஃப்.ஏ. கடைசிவரை பாஸாகவில்லை. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாதம் 30 ரூபாய். 1913 மே 1 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு! முதுகலை முடித்தவர்களுக்கான தொகை அது. டிகிரியே இல்லாதவருக்காக விதியைத் தளர்த்தினார்கள்.

அது சும்மா நடக்கவில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். துறைமுகத்தின் பெரிய அதிகாரி பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலாளர் நாராயண ஐயரும் பின்னால் நின்றார்கள். ஒரே ஒரு கைடு அல்ல, ஒரு கூட்டமே சேர்ந்து தூக்கிவிட்டது.

75 ரூபாய்க்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தார் என்று அறிக்கை தர வேண்டும். 1913 ஆகஸ்ட், நவம்பர், 1914 மார்ச் என்று மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மூன்றாவதைக் கொடுத்த அடுத்த வாரம் கப்பல் ஏறிவிட்டார்.

"ராமானுஜனையே ரிப்போர்ட் கேட்டாங்களா?" என்றான் நண்பன்.

"கேட்டாங்க. அவரும் எழுதிக் கொடுத்தாரு. நீ கடைசியா கைடுக்கு எழுத்துல என்ன கொடுத்த?"

பதில் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னான். "ரெண்டாவது சேப்டர் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. அவர் மேசையில இருக்கு. கேக்க பயமா இருந்துச்சு. நானும் கேக்கல. அவரும் சொல்லல."

154 வருஷம் லேட்டான புத்தகம்

மதியம் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்துத் தரங்கம்பாடி போனோம். காரைக்காலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். மறுபடி பாலம், மறுபடி தமிழ்நாடு. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. எதிர்வெயில் இருந்தாலும் காற்று அபாரம்.

அங்கே சீகன்பால்கு கட்டிய தேவாலயத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்தோம். 1706-இல் ஜெர்மனியிலிருந்து 24 வயதில் வந்து இறங்கியவர். குழந்தைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அதோடு நிற்கவில்லை. இங்குள்ள மக்களின் தெய்வங்கள் பற்றி, ஓலைச்சுவடிகளைப் படித்தும் ஊர்க்காரர்களிடம் கேட்டும் 1713-இல் ஒரு பெரிய நூலையே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்தில் இருந்த அவருடைய வழிகாட்டி ஃபிராங்கே அதை அச்சிட விரும்பவில்லை. உன்னை அனுப்பியது அந்த வழிபாட்டை மாற்றத்தானே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் நிலை. சீகன்பால்கு 1719-இல், 36 வயதில், இங்கேயே இறந்துபோனார். அந்த நூல் அச்சானது 1867-இல், சென்னையில். 154 வருஷம் லேட்!

"பாத்தியா, உன் கைடு எவ்வளவோ பரவால்ல!" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தான்.

ஆனால் விஷயம் விளையாட்டல்ல. அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, போனவருக்குப் பிடித்துப்போனது வேறொன்று. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைத்தார்கள். இன்றைக்கு எத்தனை லேப்களில் இதே கதை! கைடுக்குத் தேவை புராஜெக்ட் அறிக்கையும் பேப்பரும். ஸ்காலருக்குத் தேவை பட்டமும் ஒரு வேலையும். இரண்டும் ஒன்றுதான் என்று முதல்நாள் இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள். வாய்விட்டுப் பேசுவதில்லை.

கைடு பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேர் வரை வழிநடத்தலாம். இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. வகுப்பு, தேர்வு, கமிட்டி, நாக் ஆய்வு எல்லாம் போக ஆளுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? அதற்காக சேப்டரை இரண்டு மாசம் மேசையில் வைத்திருப்பது சரியென்று சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமும் ஒரு மனிதர் திணறுகிறார் என்று தெரிந்தால் நம் பயம் பாதி குறையும்.

விதிப்புத்தகம் சொல்வது என்ன?

சாயங்காலம் திரும்பிவந்து காரைக்கால் கடற்கரை மணலில் உட்கார்ந்தோம். 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் பிஎச்.டி. விதிகளை அவன் மொபைலில் இறக்கினோம். நாலு வருஷம் படித்தவன் அதை முழுசாகப் படித்ததே இல்லையாம்!

அதில் இருப்பவை: குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு மூலம் மேலும் இரண்டு வருஷம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு வருஷம் கூடுதல். பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு. ஒவ்வொரு ஸ்காலருக்கும் ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு, அதன் முன் செமஸ்டருக்கு ஒருமுறை முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு நாலு முதல் ஆறு மணிநேரம் பாடம் நடத்துவது, லேப் பார்ப்பது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குள் இருக்கும் ஆசிரியர் புதிதாக ஸ்காலர் எடுக்க முடியாது.

முக்கியமான இன்னொன்று. தீசிஸ் கொடுக்கும்முன் இதழில் பேப்பர் போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கலாம்.

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் பல்கலைக்கழக விதியைத் தேடி எடுத்தான். அவன் போட்டிருந்த இரண்டு பேப்பர் அதற்குப் போதும்! மூன்றாவது பேப்பர் கைடின் ஆசை. விதி அல்ல. "மூணாவது இல்லாம கதவே திறக்காதுன்னு நெனச்சு ஒரு வருஷம் ஓட்டிட்டேன்டா" என்றான். ஆறு வருஷத்தில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அங்கேயே, மணலில், ஒரு மெயில் எழுதினோம். மன்னிப்பு ஒரு வரி: சொல்லாமல் வந்தது தப்பு, பணமும் மனசும் சரியில்லை. முடித்தது என்ன, மிச்சம் என்ன என்று பத்து வரி. எந்த அத்தியாயம் எந்தத் தேதிக்குள் என்று ஒரு அட்டவணை. கடைசியாக ஒரு கேள்வி: மூன்றாவது பேப்பரை தீசிஸ் கொடுத்தபின் முடிக்கலாமா சார்?

"பதில் வரலேன்னா?"

"ஆலோசனைக் குழுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்ககிட்ட பேசு. ராமானுஜனுக்கே நாலு பேர் தேவைப்பட்டாங்க."

சேரப்போகும் உங்களுக்காக அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். 'பணம் யார் பேர்ல வருது, எந்தத் தேதி வரைக்கும்னு கேளு. அந்த கைடுகிட்ட முடிச்ச சீனியர் ரெண்டு பேரையாவது, அவர் இல்லாதப்ப, பாரு. எத்தனை வருஷத்துல முடிச்சாங்கன்னு கேளு. பேப்பர்ல பேர் யாருக்கு எந்த இடம்னு முதல்லயே பேசு. மாசம் ஒருதடவ ஒரு பக்கம் எழுதிக் கொடு, கேக்காட்டியும் கொடு. தாங்க முடியலேன்னா ஓடிப்போகாத, சொல்லிட்டுப் போ.'

மறுநாள் காலை கிளம்பும்போது அவன் அம்மா இரண்டு மாம்பழத்தைப் பையில் வைத்தார். பஸ் பூவம் தாண்டி நண்டலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மெசேஜ் வந்தது. "சார் பதில் போட்டுருக்காரு மாப்ள. திங்கக்கிழமை வரச் சொல்லிருக்காரு. ரெண்டாவது சேப்டர் படிச்சிட்டாராம். திட்டு எவ்வளவுன்னு போயிட்டு வந்து சொல்றேன்."

சந்தோஷத்தில் ஒரு மாம்பழத்தை பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன். வீட்டில் 'இன்னொண்ணு எங்கே?' என்று கேட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அம்மையார் அளவுக்கு நமக்கு மேலிடத்தில் செல்வாக்கு கிடையாது!